தையல் போடும் முன் மரத்துப்போக வேண்டும்: நாய்களுக்கான மரப்பு ஊசி பற்றிய வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வரும் நாய்களின் காயங்கள் பெரும்பாலும் ஒரே சாயல் கொண்டவை. செம்பனைக் காட்டில் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணி காலை அறுத்திருக்கும். காட்டுப்பன்றியின் கோரைப்பல் விலாவைக் கிழித்திருக்கும். மோட்டார் சைக்கிள் மோதித் தொடைத்தோல் உரிந்திருக்கும். சிறு கடிகாயமாக இருந்தது கவனிக்கப்படாமல் புழு வைத்திருக்கும். கொண்டு வருகிறவர்களில் பலர் சொல்வதும் ஒன்றுதான்: "தோட்டத்து நாய்தானே டாக்டர், தாங்கும். நாங்க நாலு பேர் பிடிச்சுக்குறோம், தைச்சு விட்டுடுங்க." அன்பு இல்லாமல் அப்படிச் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும், அதே நாயைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்கள்தான் அவர்கள். ஆனால் அந்தக் கருத்து தவறானது. வலியைக் கொண்டு செல்லும் நரம்பு நமக்கு எப்படி வேலை செய்கிறதோ அப்படியேதான் நாய்க்கும் வேலை செய்கிறது. அழுத்திப் பிடிக்கப்பட்ட நாய் அசையாமல் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அச்சம். வலி இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

நாயைக் கொண்டு வருகிறவர்களுக்காகவும், கால்நடைக் கிளினிக்குகளில் உதவியாளர்களாகச் சேர்ந்திருக்கும் இளையோருக்காகவும் இதை எழுதுகிறேன். ஊசி போடுவது பதிவுபெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. அதை வீட்டில் செய்து பார்ப்பதற்கான குறிப்பாக இதைக் கொள்ளக் கூடாது. ஆனால் எந்த மருந்து, எவ்வளவு, எங்கே, எத்தனை நிமிடம் என்பதை நாயின் சொந்தக்காரரும் அறிந்திருந்தால் அவரால் கேட்க முடியும். கேட்கிறவரின் நாய்க்குக் கூடுதல் கவனம் கிடைக்கிறது.

மருந்து என்ன செய்கிறது

நரம்பில் செய்தி ஓடுவதற்கு அதன் சவ்விலுள்ள நுண்ணிய சோடிய வாயில்கள் திறக்க வேண்டும். மரப்பு மருந்து நரம்புக்குள் புகுந்து, அந்த வாயில்களை உட்புறமிருந்து அடைத்துவிடுகிறது. காயத்தில் கத்திரி பட்டாலும் அந்தச் செய்தி தண்டுவடத்துக்குப் போய்ச் சேராது. 1943இல் சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிடோகேயினும், 1957இல் உருவான புபிவகேயினும்தான் இன்று நாய்களுக்கு அதிகம் பயன்படுபவை. லிடோகேயின் ஐந்து நிமிட அளவில் பிடிக்கத் தொடங்கி ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை நிற்கும். புபிவகேயின் பிடிப்பதற்கு இருபது, சில சமயம் முப்பது நிமிடம் ஆகும். ஆனால் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை நிற்கும்.

முழு மயக்கம் கொடுத்த நாய்க்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முழு மயக்கத்தில் நாய் வலியை உணர்வதில்லையே தவிர, வெட்டுப்பட்ட இடத்திலிருந்து செய்தி தண்டுவடத்துக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். அப்படித் தொடர்ந்து தாக்கப்படும் தண்டுவடம் கூர்மையடைந்து, நாய் விழித்த பிறகு சிறு தொடுதலையும் பெருவலியாகக் காட்டும். அறுப்பதற்கு முன்பே நரம்பை அடைத்துவிட்டால் இந்தத் தொடர் தாக்குதல் தடுக்கப்படுகிறது. கூடவே மயக்க வாயுவையும் குறைவாகக் கொடுத்தால் போதும், இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது நல்லது. சிறிய கிளினிக்கிலும் செய்யக்கூடிய, விலை குறைந்த சிகிச்சை இது. இதை விட்டுவிடுவதற்கு நல்ல காரணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

முதலில் எடை

எல்லாக் கணக்கும் நாயின் எடையிலிருந்து தொடங்குகிறது. "பதினைந்து கிலோ இருக்கும்" என்று சொல்லப்படும் தோட்டத்து நாய் தராசில் ஏறினால் பதினொன்றுதான் காட்டும். உடம்பில் மயிர் அடர்ந்திருந்தால் ஏமாற்றம் இன்னும் அதிகம். கிளினிக்கில் தராசு இருந்தால் அதில் ஏற்றும்படி கேளுங்கள். இல்லாவிட்டால் நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நாய்க்கு லிடோகேயினின் உச்ச அளவு கிலோவுக்கு 6 மி.கி. என்று வைத்துக்கொள்வது வழக்கம். நோயுற்ற, வயதான நாய்களுக்கு 4 மி.கி.யில் நிறுத்திக்கொள்வதே நல்லது. புபிவகேயினுக்கு உச்சம் கிலோவுக்கு 2 மி.கி. 2 விழுக்காட்டு லிடோகேயினில் ஒரு மி.லி.க்கு 20 மி.கி. மருந்து இருக்கிறது. எனவே 12 கிலோ நாய்க்கு உச்சமாக 72 மி.கி., அதாவது 3.6 மி.லி. மட்டுமே கொடுக்கலாம். 3 கிலோ குட்டிக்கு அது 0.9 மி.லி.யாகச் சுருங்கிவிடும். 0.5 விழுக்காட்டுப் புபிவகேயினில் ஒரு மி.லி.க்கு 5 மி.கி. என்பதால், அதே 12 கிலோ நாய்க்கு 4.8 மி.லி.யைத் தாண்டக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் பயன்படுத்தினால் இரண்டின் நச்சும் ஒன்றோடொன்று கூடும்: லிடோகேயினில் பாதி உச்சத்தைக் கொடுத்தாயிற்று என்றால் புபிவகேயினிலும் பாதிதான் மிச்சம்.

விலாவில் ஒரு சாண் நீளக் கிழிசல் இருக்கும்போது 3.6 மி.லி. எங்கே போதும் என்று தோன்றும். அப்போது மருந்தைக் கூட்டக் கூடாது. நீரைக் கூட்ட வேண்டும். அந்த 3.6 மி.லி.யோடு அதே அளவு செலைன் (கிருமியற்ற உப்புநீர்) கலந்தால் 1 விழுக்காட்டுக் கரைசல் 7.2 மி.லி. கிடைக்கும், தோலை மரத்துப்போக வைக்க அந்த வீரியம் போதுமானது. உதவியாளராக இருப்பவர் இந்தக் கணக்கைத் தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டிய பிறகே சிரிஞ்சை நிரப்பும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

தோட்டக் கிளினிக்கில் மனிதர்களுக்கு வைத்திருக்கும் மருந்தும் இதே மருந்துதானே, டிரெசரிடம் (தோட்டத்து மருத்துவ உதவியாளரிடம்) கேட்டு வாங்கிப் போட்டுவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பதும், பல் மருத்துவரிடம் இருப்பதும் சில வேளைகளில் அட்ரினலின் கலந்ததாக இருக்கும். அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். விரல் நுனி, காது நுனி, வால் நுனி போன்ற இடங்களில் அதைச் செலுத்தினால் அந்தப் பகுதிக்கு இரத்தம் போகாமல் திசு செத்துப்போகக்கூடும். குப்பியின் மேலுள்ள எழுத்தைப் படிக்காமல் எந்த மருந்தையும் எடுக்கக் கூடாது.

நாயைத் தயார் செய்தல்

மரப்பு ஊசி நாயின் அச்சத்தைப் போக்காது. ஊசி போட்ட இடத்தில் வலி இருக்காது என்பது நாய்க்குத் தெரியாது. தன்னைச் சுற்றி நிற்கும் முகங்களையும், கத்திரியின் சத்தத்தையும், மருந்து வாடையையும்தான் அது அறியும். ஆகவே மிகச் சிறிய வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாக அமைதிப்படுத்தும் மருந்து கொடுப்பதே முறை. மெடெட்டோமிடின் போன்ற மருந்து கொடுத்து, வேலை முடிந்ததும் அடிப்பாமிசோல் ஊசியால் நாயை எழுப்பிவிடுவது பல கிளினிக்குகளில் வழக்கம். அப்படி எழுப்பும்போது மெடெட்டோமிடின் தந்த வலிநீக்கமும் அதனுடனே போய்விடும்; மரப்பு ஊசி போட்டிருந்தால் மட்டுமே நாய் வலியில்லாமல் எழும்.

முன்கூட்டியே தேதி குறித்த சிகிச்சை என்றால் வளர்ந்த நாய்க்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை உணவு கொடுக்காமல் வையுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். சின்னக் குட்டிகளுக்கு அவ்வளவு நேரப் பட்டினி ஆகாது, அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமாக வந்தால் நாய் கடைசியாக என்ன தின்றது, எப்போது தின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால் வாய்க்கட்டு தேவை. ஆனால் துணியால் இறுகக் கட்டிய வாயோடு நாயால் மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விக்க முடியாது. நம் ஊர் வெயிலில், வேனின் பின்பக்கத்தில், அது உயிருக்கே ஆபத்தாகலாம். வாயைத் திறந்து மூச்சுவிட இடம் தரும் கூடை வடிவ வாய்க்கட்டே சிறந்தது.

தோட்டத்து நாய்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உண்ணி நிறைந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் இருக்கலாம். அது இரத்தத் தட்டுகளைக் குறைத்துவிடுவதால் சிறு வெட்டிலும் இரத்தம் நிற்காது. மேலுதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். வெளுத்திருந்தாலும், சிவப்புப் புள்ளிகள் இருந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் இரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் எதையும் தொடங்குவார்.

ஊசி போடும் விதம்

கண்ணியில் மாட்டிய முன்காலை எடுத்துக்கொள்வோம். கம்பி மணிக்கட்டுக்கு மேலே வளையமாக அறுத்து, தோல் இரு பக்கமும் சுருண்டிருக்கும். நடுவில் வெண்மையாகத் தசைநார் தெரியும். சுற்றியுள்ள மயிரை மழிக்கும் முன்பே, நீர்த்த லிடோகேயினில் சில துளிகளைத் திறந்த காயத்தின் மேல் விட்டுச் சற்றுக் காத்திருந்தால் முதல் எரிச்சல் அடங்கும். அந்தத் துளிகளும் மொத்த அளவில் சேரும் என்பதை மறக்கக் கூடாது. பிறகு செலைனால் கழுவி, தோலைச் சுத்தம் செய்து, 25 கேஜ் போன்ற மெல்லிய ஊசியைக் கையில் எடுக்க வேண்டும்.

இந்த மருந்து இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது; அதனால்தான் உள்ளே போகும்போது எரிகிறது. அதைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. குப்பியை உள்ளங்கையில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவருவது முதலாவது. ஒன்பது பங்கு லிடோகேயினுக்கு ஒரு பங்கு 8.4 விழுக்காட்டுச் சோடியம் பைகார்பனேட் கலப்பது அடுத்தது. புபிவகேயினில் அதே அளவு கலந்தால் மருந்து திரிந்து படிந்துவிடும் என்பதால் லிடோகேயினுக்கு மட்டுமே இது பொருந்தும். இரண்டையும்விட முக்கியமானது, மெதுவாகச் செலுத்துவது. அவசரமாகத் தள்ளப்படும் மருந்து திசுவைப் பிரித்துக்கொண்டு போகும். எரிச்சலைவிட அந்த விரிவுதான் நாயை அதிகமாகத் துள்ள வைக்கிறது.

ஊசியைக் காயத்தின் ஓரம் வழியாகத் தோலுக்கு அடியில் செலுத்தி, ஒவ்வொரு முறையும் சிரிஞ்சின் தண்டைச் சற்றே பின்னிழுத்துப் பார்க்க வேண்டும். இரத்தம் வந்தால் ஊசி குழாய்க்குள் இருக்கிறது; இடம் மாற்றியாக வேண்டும். புபிவகேயின் இரத்தக் குழாய்க்குள் போனால் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது என்பதால் இந்தச் சோதனையில் எந்தத் தளர்வும் கூடாது. அடுத்த குத்தை ஏற்கெனவே மரத்த இடத்தின் விளிம்பிலிருந்து தொடங்கினால் நாய்க்கு முதல் குத்து ஒன்றுதான் தெரியும்.

அடுத்து வருவது காத்திருப்பு. பெரும்பாலான இடங்களில் தவறு நடப்பது இங்கேதான். மருந்தைச் சரியாகக் கணக்கிட்டு, சரியாகச் செலுத்திவிட்டு, வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று ஒரு நிமிடத்தில் தைக்கத் தொடங்கினால் போட்ட ஊசி போடாத ஊசிதான். லிடோகேயினுக்குக் குறைந்தது ஐந்து நிமிடம், முடிந்தால் பத்து. பிறகு இடுக்கியின் நுனியால் காயத்தின் ஓரத்தை மெல்லக் கிள்ள வேண்டும். கிள்ளும்போது காலைப் பார்ப்பதோடு முகத்தையும் பார்க்க வேண்டும்: காது பின்னால் போகிறதா, கண்ணிமை சுருங்குகிறதா, மூச்சு ஒரு கணம் நிற்கிறதா. கால் அசையாவிட்டாலும் இவற்றில் ஒன்று தெரிந்தால் இன்னும் மரக்கவில்லை என்று பொருள். நாயின் தலைமாட்டில் நிற்கும் நீங்கள் இதை மருத்துவரைவிட முன்பே பார்க்க முடியும், பார்த்தால் சொல்லுங்கள்.

சீழும் புழுவும் உள்ள இடத்தில்

சீழ் கட்டிய இடத்தில் மரப்பு மருந்து சரியாகப் பிடிக்காது. மருந்து நரம்புச் சவ்வைத் தாண்டி உள்ளே போவதற்கு மின்னேற்றமில்லாத வடிவில் இருக்க வேண்டும். அழற்சியுற்ற திசு அமிலமாகிவிடுவதால் மருந்தின் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்று வெளியிலேயே தங்கிவிடுகிறது. "ஊசி போட்டும் கத்துது, இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று அப்போது சொல்லக் கூடாது. கட்டிக்குள் மேலும் மேலும் செலுத்துவதால் நஞ்சு கூடும், கிருமியும் பரவும், மரப்பு கூடாது. கட்டியைச் சுற்றியுள்ள நல்ல திசுவில் வேலி போலச் செலுத்துவதும், அந்தப் பகுதிக்கு வரும் நரம்பை மேலேயே அடைப்பதும், அதுவும் போதாவிட்டால் முழு மயக்கம் கொடுப்பதும்தான் சரியான வழிகள்.

கழுத்திலும் காதடியிலும் புழு வைத்த புண்ணுக்கு முழு மயக்கமோ ஆழ்ந்த அமைதி மருந்தோ இல்லாமல் கை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. புழுக்கள் தோலுக்கடியில் நெடுந்தூரம் குடைந்து போயிருக்கும். ஒவ்வொன்றாக எடுக்க நேரமாகும். கிளினிக்குக்கு வரும் முன் பெட்ரோல், மண்ணெண்ணெய், பினாயில் எதையும் ஊற்றாதீர்கள். அவை உயிருள்ள சதையை எரிக்கும். பிறகு அந்தப் புண்ணில் எந்த ஊசியும் எளிதில் பிடிப்பதில்லை.

மற்ற சிகிச்சைகள்

ஆண் நாய்க்கு விரை நீக்கும்போது, முழு மயக்கம் கொடுத்த பிறகு ஒவ்வொரு விரைக்குள்ளும் சிறிதளவு லிடோகேயின் செலுத்தப்படும். நாயின் உருவத்தைப் பொறுத்து அரை மி.லி. முதல் ஒரு மி.லி. வரை. மருந்து விரையின் நரம்பும் இரத்தக் குழாய்களும் சேர்ந்து வரும் விந்துநாண் வழியாக மேலேறிச் சில நிமிடங்களில் விரையிலிருந்து வரும் வலியை அடைத்துவிடும். பெண் நாய்க்குக் கருத்தடை செய்யும்போது வயிற்றில் வெட்டப்போகும் கோட்டில் முன்கூட்டியே செலுத்துவார்கள். சூலகத்தின் காம்பிலும் விடுவார்கள். இந்த வசதி உண்டா என்று தேதி குறிக்கும்போதே கேட்கலாம். கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

பல் பிடுங்குவதற்கு, மேல்தாடையில் மூன்றாம் முன்கடைவாய்ப் பல்லுக்கு மேலே விரலுக்குத் தட்டுப்படும் எலும்புத் துளையில் வெளிவரும் நரம்பை அடைப்பார்கள். இங்கே புபிவகேயின்தான் சிறந்தது, நாய் வீட்டுக்குப் போன பிறகும் நிற்கும். பின்னங்கால் எலும்பு முறிவுக்கு இடுப்புக்குக் கீழே தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் முறையும் உண்டு. இரத்தம் உறையாத நாய்க்கும், ஊசி போடும் இடத்தில் தோல் புண்ணாக இருக்கும் நாய்க்கும் அது ஆகாது. இத்தகைய வேலைகளுக்கு ஈப்போவிலுள்ள பெரிய கிளினிக்குக்கோ செர்டாங்கிலுள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கோ அனுப்பினால் அலைச்சல் என்று தயங்க வேண்டாம்.

லிடோகேயினும் பிரிலோகேயினும் தலா 2.5 விழுக்காடு கலந்த எம்லா களிம்பு, இரத்தம் எடுக்கவும் குழாய் ஏற்றவும் உதவும். மழித்த தோலில் பூசி மூடி முக்கால் மணி நேரமாவது விட வேண்டும், நாய் நக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தைப் பரிசோதனைக்கு மட்டுமே பயன்படுத்துவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தால் கருவிழிப் புண் ஆறாது.

அளவு மீறினால்

விழித்திருக்கும் நாய் உதட்டை நக்கிக்கொண்டே இருத்தல், எச்சில் வடிதல், வாந்தி, முகத் தசை துடித்தல், தள்ளாடுதல் ஆகியவை முதல் எச்சரிக்கைகள். அதன் பின் வலிப்பு வரலாம். இதயத் துடிப்பும் மூச்சும் தளரலாம். மயக்கத்தில் இருக்கும் நாயில் இந்த முன்னறிகுறிகள் மறைந்திருந்து, இதயத் தளர்ச்சியே முதலில் தெரியக்கூடும். மருந்தை நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, வலிப்புக்கு டயஸெபாமோ மிடஸோலாமோ செலுத்துவார்கள். கடுமையானால் 20 விழுக்காட்டுக் கொழுப்புக் கரைசலைக் கிலோவுக்கு 1.5 மி.லி. என்ற அளவில் இரத்தக் குழாயில் (சிரையில்) ஏற்றுவார்கள். 12 கிலோ நாய்க்கு அது 18 மி.லி.

வீட்டில்

மரத்த காலை நாய் தன் காலாக நினைக்காது. இழுத்துக்கொண்டு நடக்கும், சில நாய்கள் கடித்தும் விடும். ஆகவே கூம்புக் கழுத்துப்பட்டை போட்டு, படிக்கட்டும் வடிகாலும் இல்லாத நிழலான இடத்தில், சிமெண்டுத் தரையில் சாக்கோ பழைய பாயோ விரித்து வைத்துக்கொள்ளுங்கள். லிடோகேயின் மாலைக்குள் வடிந்துவிடும் என்பதால், அது வடியும் முன்பே அழற்சி நீக்கும் மருந்து உடம்பில் சேர்ந்திருக்க வேண்டும். நாய்களுக்கென்றே உள்ள மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தருவார். உணவோடு, சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுங்கள். வீட்டிலுள்ள பனாடோலையோ இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளையோ கொடுக்காதீர்கள். கல்லீரலும் சிறுநீரகமும் குடலும் கெடும்.

இரவில் நாய் படுக்க மறுத்து இடம் மாறிக்கொண்டே இருந்தாலோ, முதுகை வளைத்து நின்றாலோ, காயத்தின் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாலோ, பிடித்த சோற்றை முகர்ந்துவிட்டு விலகினாலோ வலி மருந்து போதவில்லை. அடுத்த மாத்திரையை நீங்களாகவே முன்னதாகக் கொடுக்காமல் கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். வேறு வகை வலிமருந்தைச் சேர்க்க அவர்களால் முடியும். மறுநாள் காலையிலும் கால் மரத்தே இருந்தாலோ, விரல்கள் சில்லிட்டுக் கறுத்தாலோ, கட்டு இறுகி வீங்கினாலோ தொலைபேசியோடு நிற்காமல் நாயை நேரில் கொண்டு வாருங்கள்.